யாரோ கை வச்சிருக்காங்க

நான் அனுப்பிய கட்டுரையை முதலில் கணினியின் வெறும் நோட்பேடில் கொட்டுகிறார். அங்கிருந்து நகலெடுத்து, அப்புறம்தான் இணையதளத்துக்குள் ஒட்டுகிறார். நேரே ஒட்டினால் என்னவாம்? "வேர்டு ஃபைல்ல கண்ணுக்குத் தெரியாம என்னென்னமோ ஒட்டிக்கிட்டு வரும் சார். உங்க கலரு, உங்க இடைவெளி எல்லாம் இங்க குடி வந்துடும். உதறிட்டுத்தான் உள்ள விடுவேன்" என்றார். எழுதிய என்னையும் சேர்த்தே உதறுவதாக எனக்குப் பட்டது.

குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் வலைப்பதிவுகளை ஏற்றுவது இவர் வேலை. தலைப்பைத் தலைப்பாக்க வேண்டும், பத்தி பிரிக்க வேண்டும், படத்தை ஒட்ட வேண்டும், நேரம் குறித்து வெளியிட வேண்டும். எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் அலுவலகத்தில் இவருக்கு 'ஸ்கேனர் அக்கா' என்று பெயர். பட்டம் கட்டியது எதிர் மேசை டிசைனர்தான் என்பது இவருடைய முடிவு. ஆதாரம் எதுவும் கிடையாது.

முன்னோட்டம் காட்டும் பொத்தானை இவர் நம்பமாட்டார். "விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைக் கூட்டி வைக்கிற மாதிரி சார் அது. சொல்லாம கொள்ளாமப் போய்ப் பாக்கணும்." அதனால் பதிவு வெளியானதும் கணவரின் அக்காவுக்குப் போன் போடுவார். "அண்ணி, அந்தப் பக்கத்தைத் திறங்க. முதல் வரி என்ன? படம் எந்தப் பக்கம் நிக்குது?" அண்ணி பாவம், அடுப்பை அணைத்துவிட்டு வந்து வரிவரியாக வாசிப்பார்.

எழுதியது தானாகச் சேமிக்கப்படும் என்றாலும் கேட்பதில்லை. "எங்க வீட்ல ஒரு டம்ளர்கூட தானா எடம் மாறினதில்ல." எந்தப் பதிவைத் திறந்தாலும், ஓர் எழுத்தையும் தொடாவிட்டாலும்கூட, மூடுமுன், திரையில் இருப்பதை அப்படியே சேமிக்கும் 'புதுப்பி' என்ற பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை காய்ச்சல் மருந்து பற்றிய பதிவு ஏறியது. இடப்பக்கம் வயது, வலப்பக்கம் மருந்தின் அளவு. மாலையில் ஒரு தாய் மருத்துவமனைக்குப் போன் செய்து, கைக்குழந்தைக்கு இவ்வளவா கொடுப்பது என்று கேட்டாள். பார்த்தால் வலப்பக்கத்தில் முதல் வரியைக் காணோம். கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலேறி, ஒவ்வொரு வயதுக்கும் அடுத்த வயதின் அளவு வந்து நின்றது. அந்தத் தாய் கேட்டதால் குழந்தை தப்பித்தது.

கட்டுரை விஷயமாக நானும் அன்று அலுவலகத்தில் இருந்தேன். பக்கத்தை உடனே இறக்கினார்கள். நிர்வாகி அம்மா வந்து நின்றார். "காலைல அண்ணி வாசிச்சப்ப சரியா இருந்துச்சு மேடம். யாரோ கை வச்சிருக்காங்க" என்றார் ஸ்கேனர் அக்கா. உள்ளே போய்த் திருத்தும் உரிமை இவரை விட்டால் டிசைனருக்கு மட்டும்தான். "சத்தியமா நான் அந்தப் பக்கமே போகல மேடம்" என்றார் அவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். யாரும் நம்பவில்லை. முன்பு என் கட்டுரை ஒன்றுக்குச் சம்பந்தமில்லாத படம் போட்டவர் என்ற கடுப்பில் நானும் நம்பவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிர்வாகி தன் அறைக்குப் போனார். டிசைனர் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார்.

அவரைக் கையும் களவுமாகக் காட்டிவிட அக்கா திருத்த வரலாற்றைத் திறந்தார். யார், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கடைசித் திருத்தம் மதியம் ஒன்று இருபது. பக்கத்தில் அக்காவின் பெயர்.

"பாத்தீங்களா சார், என் பாஸ்வேர்டையே திருடியிருக்காரு!"

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். செல்போன்ல உள்ள போயி இந்தப் பதிவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், யாராவது மாத்திடுறாங்களான்னு. அப்புறம் மூடுறதுக்கு முன்னாடி..."

பாதியிலேயே நின்றார். பதிவை நகலெடுத்து, அதே செல்போனில் திறந்து, இடது கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது தடவை விரல் எங்கோ பட்டு ஒரு வரி மறைந்தது. மற்றவை சத்தமில்லாமல் மேலேறின. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

திருத்த வரலாறு என்று ஒன்று இருப்பதே நிர்வாகிக்குத் தெரியாது. திரையில் அந்தச் சன்னலை மூடிவிட்டால் முடிந்தது கதை. அக்கா என்னைப் பார்த்தார். நான் போட்டுக்கொடுப்பேனா என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் அப்பட்டமாக இருந்தது. எனக்குக் கோபம்கூட வந்தது. எதிர் மேசையில் டிசைனர் பிள்ளைகளின் படத்தைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று அக்கா குரல் கொடுத்தார்.

நிர்வாகி வந்தார். அக்கா எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அவரை அதில் உட்கார வைத்தார். திரையில் இருந்த தன் பெயரின் மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.