விலைவாசி கேட்கப் போன தெரு

சித்திரை வெயிலில், சின்ன காஞ்சிபுரத்துத் தெரு ஒன்றில், ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்று அக்கா தண்ணீர் கேட்பதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஆனாலும் கேட்பார். தண்ணீர் கேட்டால்தான் உள்ளேயிருந்து பெண்கள் வருவார்கள், ஆண்களிடம் விலைவாசியைப் பற்றிக் கேட்டால் கட்சிதான் பதில் சொல்லும் என்பது அக்காவின் கணக்கு. தேர்தல் நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்கும் வேலை எங்களுக்கு. என் பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு நான் சேர்ந்த முதல் வேலை அது. அக்கா என்று நான் கூப்பிட்ட அவர் எனக்கு முன்பே அதில் சேர்ந்தவர்.

ஒரே ரேஷன் கடையில் வாங்குகிற இரண்டு பக்கத்து வீடுகளில் ஒன்று விலையெல்லாம் பரவாயில்லை என்னும். மற்றது வாழவே முடியவில்லை என்னும். வாசலில் கட்டியிருக்கும் கொடியைப் பார்த்தே பதிலை ஊகித்துவிடலாம். "அரிசி வெல எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. யாரு ஆட்சியில வாங்கறோம்னு பாத்துதான் சில பேருக்குக் கசக்குது" என்று அக்கா சொல்வார். ஆனால் தண்ணீர்ச் சொம்போடு வரும் பெண்கள் அப்படிப் பேசமாட்டார்கள். தக்காளி, சிலிண்டர், பிள்ளையின் வேன் கட்டணம் என்று ஏதோ ஒன்றில் தொடங்கி, மாமியாரின் மாத்திரை வழியாக எங்கெங்கோ போவார்கள். பதில்களைப் பதியும் டேப்லெட்டை அக்கா மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் எங்களுக்கு வந்த தெருவின் பெயரைப் பார்த்ததுமே அக்காவின் பேச்சு குறைந்துவிட்டது. தெருமுனையில்தான் சொன்னார், அங்கே அவருடைய அண்ணன் வீடு இருக்கிறது என்று. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காவை வளர்த்தவர் அந்த அண்ணன்தான். அக்கா ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து பேச்சில்லை. வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். வீடுகளை எங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது, இடையில் இத்தனை வீடு விட்டு அடுத்தது என்று கணக்கு உண்டு. எண்ணிக்கொண்டே வந்தோம். கணக்கு அந்த அண்ணன் வீட்டில் வந்து நின்றது.

நான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். பூட்டிய வீட்டை விடலாம் என்று விதி இருந்தது.

"வீடு பூட்டியில்லையேம்மா" என்று சொல்லிவிட்டு அக்கா படியேறினார்.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அண்ணன் எழுந்து வந்தார். நரைத்த தாடி, தோளில் துண்டு. அக்காவைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. அக்கா எல்லா வீட்டிலும் சொல்வதைப் போலவே, நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக் கேள்விகளைத் தொடங்கினார். அவரும் யாரோ ஒருவருக்குச் சொல்வதைப் போல மரியாதையாகப் பதில் சொன்னார். வருமானம் அப்படியேதான், செலவு கூடிவிட்டது. பெரியவன் கம்பெனி வேலைக்குப் போகிறான். சின்னவளுக்குக் கல்லூரி. தனக்கு அண்ணன் மகள் இருப்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விலைவாசி ஏறியதால் எதையாவது நிறுத்தினீர்களா என்பது அடுத்த கேள்வி. கறி எடுப்பது குறைந்துவிட்டது என்றார். துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார்.

"பொங்கல் சீர் அனுப்பாமலே இருந்துட்டோம். ஆனா அது வெலவாசியால இல்லீங்க. அத எப்படி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியல."

அக்காவின் விரல் டேப்லெட்டின் மேல் அப்படியே நின்றது. "அதுக்கு இதுல எடமில்லீங்க" என்றார்.

இனி வரும் காலத்தில் உங்கள் குடும்பம் நல்லபடியாக இருக்கும் என்று நினைக்கிறீர்களா என்பது கடைசிக் கேள்வி. அதைக் கேட்கும்போது அக்காவின் குரல் உடைந்தது. அண்ணன் அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆசையா இருக்குது" என்றார்.

வெளியே வந்து, அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டார் அக்கா. அன்றைக்கு அந்தச் சொம்பை முழுக்கக் குடித்தார்.

தேர்தல் முடிந்தது. விலைவாசியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் வண்ணப் பட்டைகளாகக் காட்டினார்கள். தன் அண்ணன் எந்தப் பட்டையில் இருப்பார் என்று தேடுவதைப் போல அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள், கரும்பும் மஞ்சள் கொத்தும் பித்தளைப் பானையுமாக அண்ணன் அக்காவின் வீட்டுக்கு வந்தார். அக்காவின் கணவர்தான் கதவைத் திறந்தாராம். பழைய பேச்சு எதையும் யாரும் எடுக்கவில்லை. "வெல்லம் வெல ஏறிப்போச்சு, கரும்பு வெல ஏறிப்போச்சுன்னு வந்ததுலேருந்து அதையேதாம்மா பேசிக்கினு இருந்தாரு" என்று சொல்லிவிட்டு, போனிலேயே அக்கா அழுதார்.

கணவருக்கு வேலை மாற்றலாகி அக்கா கோயம்புத்தூர் போய்விட்டார். இப்போது மறுபடியும் தேர்தல். அதே தெருக்களில் வேறொரு பெண்ணோடு சுற்றுகிறேன். வேகமானவள், நல்லவள். கேள்வியைக் கேட்டு, பதிலைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். நான்தான் வாசலில் பின்தங்கிவிடுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் அக்கா போன் செய்தார். காஞ்சிபுரத்தில் தக்காளி என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். கத்தரிக்காய் கேட்டார், முருங்கைக்காய் கேட்டார், பெருமாள் கோயில் பக்கம் பூ முழம் என்ன என்று கேட்டார். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு இந்த விலையெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.