குழிக்குப் போட்ட அரைப்பேர்

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் சோலைமலையைப் போல அரைப்பேர் வாங்கிய ஆள் வேறு யாரும் கிடையாது. கொடுத்த வேலையை முடிக்காதவனுக்குச் செக்ரோல் ஏட்டில் அரைநாள்தான் பதிவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிய நாளிலிருந்து, மற்றவர்கள் நிரையை வெட்டி முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் சோலைமலை பாதி நிரையில் நின்று காலைத் தடவிக்கொண்டிருப்பார். கணக்கப்பிள்ளை நல்லமுத்து அருகில் வந்துகூடப் பார்ப்பதில்லை. ரோட்டில் நின்றபடியே அரைப்பேர் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் செக்ரோலிலிருந்து பேரையே வெட்டிவிடுவதாக நல்லமுத்து, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். மனைவி ராக்காயி கண் மங்கி, போன வருஷமே வேலையை விட்டவள். அறுபது வயதில் சட்டிப்பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அது அறுபத்து மூன்றாம் வருஷம். உரம் வேரிலிருந்து கொழுந்துக்கு எத்தனை நாளில் ஏறுகிறது என்று பார்க்க, கதிர்வீசும் பாஸ்பரஸ் கலந்த உரத்தை நாற்பது தேயிலைச் செடிகளுக்கு ஊற்றினார்கள். பார்த்து முடித்ததும் செடி, மண், கையுறை எல்லாவற்றையும் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்து, மேலே சிமெந்து பூசி, முள்கம்பி அடித்து, சிவப்புப் பலகை ஒன்றையும் நட்டார்கள். அந்தக் குழிக்கு ஒரு காவல்காரன் வேண்டும் என்று பெரட்டில் கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. கிட்டப் போனால் முடி கொட்டும், பல் கொட்டும் என்று பேச்சு. சோலைமலைக்கு இரண்டும் ஏற்கெனவே கொட்டிவிட்டன. அதோடு உட்கார்ந்து பார்க்கிற வேலை, முழுப்பேர் வேறு. அவர் கையைத் தூக்கிவிட்டார்.

காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. ஆட்டை விரட்டினார். பெரிய தொரையின் நாயை விரட்டினார். நாயைத் தேடி வந்த தொரையையே கம்பைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். தொரைக்கு முகம் சிவந்தது. பிறகு இப்படி நாலு பேர் இருந்தால் தோட்டம் உருப்படும் என்று நல்லமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போனார். நல்லமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. குழிக்காட்டிலிருந்து வருகிறவர் லயத்துக்கு வெளியே தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டுத்தான் வாசல் மிதிக்க வேண்டும் என்று ராக்காயி சட்டம் போட்டுவிட்டாள். கந்தப்பளைக் குளிரில் சாயங்காலம் பீலித் தண்ணீர் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். கோப்பை தனி, பாய் தனி. காம்பரா நிலைத்தால் போதும் என்று சோலைமலை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பதினாலு நாளுக்கு ஒருமுறை ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவரான யேசுரட்ணம் ஐயா டிக்டிக்கென்று சத்தம் போடும் பெட்டியோடு வந்து குழியை அளப்பார். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் வேதக்காரர். வாயில் பொய் வராது. உள்ளே இருப்பது பதினாலு நாளைக்கொரு தரம் பாதியாகக் குறையும், அந்தப் பாதியும் அடுத்த பதினாலு நாளில் பாதியாகும் என்று அவர்தான் விளக்கினார்.

"அப்ப இதுக்கும் அரைப்பேரு போடுறீங்களாங்கையா?" என்று கேட்டார் சோலைமலை.

யேசுரட்ணத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படித்தான் என்றார். பத்துத் தடவை இப்படிப் பாதியானால் பயமில்லை, பிறகு காவலே தேவைப்படாது என்றும் சொல்லிவைத்தார். காவல் போனால் சோலைமலைக்கு மறுபடி கவ்வாத்து மலையும் அரைப்பேரும்தான். தோட்டமே அந்தச் சனியன் ஒழியட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் மாரியம்மன் கோயிலில் நின்று, அது ஒழியாமல் இருந்தால் தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். குழிக்குப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது, கொஞ்சம் மெதுவாகக் குறையச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். அதுவும் தன்னைப் போல அரைப்பேர் வாங்குகிற பிறவி என்று அவருக்கு அதன்மேல் பாசமே வந்துவிட்டது.

பத்தாவது தடவை யேசுரட்ணத்தோடு நல்லமுத்துவும் செக்ரோலை இடுக்கிக்கொண்டு வந்தார். பெட்டி எப்போதாவது ஒரு டிக் என்றது. குழியில் ஒன்றும் இல்லை என்று தொரைக்கு ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்று நல்லமுத்து அவசரப்படுத்த, யேசுரட்ணம் பேனாவைத் திறந்தார். சோலைமலை குறுக்கே வந்து நின்றார்.

"ஐயா, ஒரு வார்த்தைங்க. பாதியில பாதி, அதுல பாதின்னுதான் சொன்னீங்க. ஒண்ணுமே இல்லாமப் போகும்னு ஒருநாளும் சொல்லலீங்க. அரைப்பேருன்னாலும் அது பேருதானுங்களே? இருக்கிறத இல்லேன்னு எழுதலாங்களா?"

யேசுரட்ணத்தின் பேனா நின்றுவிட்டது. கிழவர் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கெடுதல் ஏதுமில்லை, ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

தொரை முதல் பாதியைப் படித்தாரோ இல்லையோ, மிச்சம் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால் கொம்பனிக்கு யார் பதில் சொல்வது? மிச்சம் முழுக்கத் தீரும்வரை சோலைமலையே காவல் இருக்கட்டும் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். நல்லமுத்து அந்த முழுப்பேரைத் தன் கையாலேயே பதிய வேண்டியதாயிற்று. சோலைமலை ஒப்பீஸ் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக லயத்துக்கு வந்து, காம்பரா தப்பியது என்று ராக்காயியிடம் மூச்சு வாங்கச் சொன்னார். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை.

"மிச்சம் இருக்குன்னு நீங்கதான சாதிச்சீங்க? அப்ப பீலிக்குப் போங்க."

அதற்குப் பிறகு உயிரோடு இருந்த ஒன்பது வருஷமும் சோலைமலை ஒருநாள் தவறாமல் பீலியில் குளித்துவிட்டுத்தான் தன் காம்பராவுக்குள் போனார்.