தேர் ரூஜ் வண்டிப்பாதையில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

போர்ட் லூயி, வியாழக்கிழமை

கொழும்புக்குப் போகிற கப்பல் ஒரு வாரம் கழித்துத்தான் வரும் என்று ஏஜெண்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நான் சென்னையில் ஒரு துணிக் கம்பெனியின் ஆள். வேட்டி, சேலை, கைலி மாதிரிகளை மூட்டை கட்டிக்கொண்டு மொரீஷியசுக்கு வந்து, கேட்ட ஆர்டரெல்லாம் வாங்கியாயிற்று. இனி இந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இந்த ஊரின் டிராங்கெபார் பேட்டையில் எனக்கு அறை கொடுத்திருந்த கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இங்க கெடந்து மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் குடுப்பானேன்? தேர் ரூஜுல எம் மச்சான் இருக்கார், போங்க. அவருக்கும் இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்."

விருந்துக்கு அனுப்புகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வேலைக்கு அனுப்பியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தேர் ரூஜ், வெள்ளிக்கிழமை

காலை ரயில். மூன்றாம் வகுப்புக்கு இருபது சதம். போர்ட் லூயியிலிருந்து வடக்கே சுமார் ஐந்து மைல். நம் ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும் ஜூன் மாதத்தில் இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்றும் சிறு தூறலுமாக இருந்தது. எதிரே கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னிடம் இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், "சாப்ட்டாச்சா?" என்றார். ஆயிற்று என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "சாப்ட்டாச்சா?" என்றார். அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான் போலும். இறங்கும்போது இரண்டு கத்தரிக்காயை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

கடைக்காரரின் மச்சான் சின்னையா ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். ஐம்பது வயது. வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு, தோளில் துண்டு, தலையில் ஃபெல்ட் தொப்பி, காலில் ஒன்றும் இல்லை. ஐந்து அர்ப்பான் கரும்பு வைத்திருக்கிறார். அர்ப்பான் என்பது நம் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். அவருடைய தகப்பனார் ஒப்பந்தக் கூலியாக வந்து, கூலி முடிந்த பிறகு ஒவ்வொரு துண்டாக வாங்கிய நிலம். சின்னையா வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவருக்குக் கோயில் வழியாகவும் தகப்பனார் வழியாகவும் வந்தது. என்னிடம் இரண்டையும் கலந்து பேசினார், உரக்கப் பேசினார். ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் வாய் ஓயவில்லை.

"தம்பி, அது சிமே. எங்க அப்பா நாள்லேருந்து வண்டி போற சிமே. இப்ப வேலி போட்டுட்டான்."

சிமே என்றால் பாதை. விஷயம் இதுதான். சின்னையாவும் அக்கம்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களும் கரும்பை மாட்டு வண்டியில் ஏற்றி, பெரிய எஸ்டேட்டின் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே ஆலைக்குக் கொண்டுபோவது வழக்கம். அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆறு மாதத்துக்கு முன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த புது மேனேஜர் அந்த மேய்ச்சல் நிலத்தில் ஒன்பது குழி வெட்டி, கொடி நட்டு, கோல்ஃப் மைதானம் ஆக்கிவிட்டார். சுற்றிலும் கம்பி வேலி. இனி வண்டி பாம்ப்ளமூஸ் ரஸ்தா வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மாடு தாங்காது; வெட்டிய கரும்பு காய்ந்து எடை இழக்கும். வெட்டு தொடங்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. பாதை திறக்காவிட்டால் இந்த வருஷக் கரும்பு பாதி விலைக்குத்தான் போகும் என்றார் சின்னையா.

மேனேஜரிடம் ஒரு முறை போய்ப் பார்த்தாராம். மேனேஜருக்குக் கிரியோல் வராது, சின்னையாவுக்கு இங்கிலீஷ் வராது. எஸ்டேட் குமாஸ்தா மொழிபெயர்த்திருக்கிறார். "பத்திரம் இருக்கிறதா? வாயால் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். அங்கே பாதை என்று எதுவும் இருந்ததில்லை" என்று பதில் வந்ததாம்.

"நான் பொய் சொல்றனாம்! குமாஸ்தா என்ன சொன்னானோ, அந்தத் தொரை மிஸ்யே என்ன சொன்னானோ. நாளைக்கு நீங்க வாங்க தம்பி. நான் சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது."

அவர் மனைவி எனக்குப் பரிமாறிக்கொண்டே, "மெதுவாப் பேசச் சொல்லுங்க தம்பி" என்றார். சாப்பாடு பிரமாதம். மறுக்க வாய் வரவில்லை.

சனிக்கிழமை

பிற்பகல் ஒன்றரை மணிக்கு எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். துரை ஆடப் போயிருக்கிறார் என்றார்கள். மைதானத்துக்கு நடந்தோம். மேனேஜரும் அவரோடு ஒரு பட்டாள டாக்டரும் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு பேசலாம், அதுவரை சத்தமில்லாமல் பின்னால் வரலாம் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். சொல்ல வந்தவர் அந்துவான், மேனேஜரின் மட்டைப் பையைச் சுமக்கும் கிரியோல்காரர். அந்துவான் சின்னையாவுக்கு ஆட்டத்தை விளக்க, சின்னையா எனக்குத் தமிழில் சொல்ல, நான் பாதியைப் புரிந்துகொண்டேன்.

கோல்ஃப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சிறு வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து அடித்து, தூரத்தில் கொடி நட்ட குழிக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த அடியில் விழவைத்தவருக்குக் குழி சொந்தம். ஆட்டம் இவ்வளவுதான். அதைச் சுற்றியிருக்கிற மரியாதைகள்தான் அதிகம். முந்தின குழியை வென்றவர்தான் அடுத்ததில் முதலில் அடிக்க வேண்டும். ஒருவர் மட்டையை ஓங்கும்போது மற்றவர் சிலையாக நிற்க வேண்டும். எனக்குத் தொண்டை கரகரத்து ஒரு முறை இருமிவிட்டேன். டாக்டர் ஓங்கிய மட்டையை இறக்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதன் பிறகு மூச்சு விடவே பயமாக இருந்தது. அடியில் புல் பெயர்ந்தால் அடித்தவரே அதை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்து மிதித்துவிடுகிறார். குழிக்கும் பந்துக்கும் நடுவே ஒருவரும் நடப்பதில்லை; நிழல்கூட விழக் கூடாதாம்.

"கோயில் கருவறைகூட இவ்ளோ இல்ல" என்று சின்னையா என் காதில் முணுமுணுத்தார்.

இரண்டாம் குழியில் ஒன்று நடந்தது. மேனேஜர் புதர் ஓரம் தனியாக நின்றிருந்தார். திரும்பி வந்து, "மட்டையை வைத்தபோது பந்து அசைந்துவிட்டது. எனக்கு ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள்" என்றார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை, டாக்டரும் பார்க்கவில்லை. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டு நடந்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் இதைச் சின்னையாவிடம் சொன்னேன். அவர் நம்பாமல் மேனேஜரின் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

எட்டாவது குழிக்கு வந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள். சின்னையாவுக்குப் பொறுமை போய்விட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று போய்விட்டார். மேனேஜர் ஓங்கி அடித்தார். பந்து மேட்டைத் தாண்டி மறைந்தது. நாங்கள் பாதி தூரம் நடந்திருப்போம்; மேட்டின் மேல் முதலில் சின்னையாவின் தலை தெரிந்தது, பிறகு உடம்பு. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கியிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, துண்டின் மேல் வெள்ளைப் பந்தை வைத்து, கோயில் பிரசாதம் ஏந்தி வருகிற மாதிரி நிதானமாக வந்தார். மேனேஜரின் முன்னால் வந்து குனிந்து நீட்டினார். துடைத்துவேறு வைத்திருந்தார்.

பெரிய மனுஷனுடைய பொருள் தரையில் கிடந்தால் எடுத்து, துடைத்து, இரு கையாலும் கொடுப்பதுதானே மரியாதை? ஆனால் அந்த மைதானத்தில், ஆட்டத்தில் இருக்கிற பந்தைக் கையால் எடுப்பதைவிடப் பெரிய குற்றம் இல்லை. மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. அந்துவான் தலையில் கை வைத்துக்கொண்டார். டாக்டர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வெளியாள் எடுத்தால் யாருக்கும் தண்டனை இல்லை. கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்து ஆடுங்கள்" என்றார் டாக்டர். "எங்கே கிடந்தது என்று அவரையே கேளுங்கள்."

நான் கேட்டேன். சின்னையா முன்னால் நடந்தார். பள்ளத்தில் புல் நன்றாக, சமமாக வளர்ந்திருந்தது. அதில் எங்கே வைத்தாலும் மேனேஜருக்குச் சுலபமான அடி. சின்னையா அந்த நல்ல புல்லையெல்லாம் தாண்டிப் போய், குனிந்து, ஆழமான ஒரு தடத்துக்குள் பந்தை வைத்தார். ஒரு முழ ஆழம் இருக்கும். இரு பக்கமும் கல்.

மேனேஜர் வெடித்தார். "அவன் இதைத்தான் சொல்வான்! பாதை கேட்டு வந்தவன்தானே!"

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சின்னையாவின் மீசை துடித்தது.

"எங் கண்ணு பாத்துச்சு. அங்கதான் கெடந்துச்சு. வேற எடத்துல வைக்கணும்னா அவரே வச்சுக்கட்டும், நான் வைக்க மாட்டேன். நோன்!"

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். மட்டை நுனியால் புல்லை விலக்கிப் பார்த்தார். வண்டிச் சக்கரம் போட்ட தடம். பக்கத்திலேயே, ஒரு வண்டி அகலம் தள்ளி, இன்னொரு தடம். இரண்டும் சேர்ந்தாற்போல் ஆலைப் புகைபோக்கியை நோக்கிப் போயின. டாக்டர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. மேனேஜரைப் பார்த்து, "இரண்டாம் குழியில் நான் உங்களிடம் சாட்சி கேட்டேனா?" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் அந்துவானிடம் வேறு மட்டை கேட்டு வாங்கினார். பிறகு தடத்துக்குள் காலை வைத்து, மட்டையை ஓங்கினார். பந்து கல்லில் பட்டுப் பின்னால் தெறித்தது. இன்னொரு அடி. அதுவும் வெளியே வரவில்லை. அந்தக் குழி போயிற்று. ஒன்பதாவதில் சமம். ஆட்டம் டாக்டருக்கு.

கடைசிக் குழியில் இருவரும் தொப்பியைக் கழற்றினார்கள், கை கொடுத்துக்கொண்டார்கள். தோற்றவர் முகத்தில் கோபம் இல்லை. சற்று முன் சத்தம் போட்டவர் இவர்தானா என்று இருந்தது.

"எதுக்குத் தம்பி லாமே குடுத்துக்கறாங்க?" என்று கேட்டார் சின்னையா. லாமே என்றால் கை.

"ஆட்டம் முடிந்தது, மனதில் ஒன்றும் இல்லை, இனி யாரும் இதைக் கிளறக் கூடாது என்று அர்த்தம்" என்றேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

அப்போது மேனேஜர் எங்களை நோக்கி வந்தார். இடது கையில் தொப்பி இன்னும் இருந்தது. வலது கையைச் சின்னையாவிடம் நீட்டினார். எஸ்டேட் துரை ஒரு சிறு தோட்டக்காரருக்குத் தொப்பி கழற்றிக் கை நீட்டுவதை அந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்துவான் வாயைப் பிளந்து நின்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரியம் கைகூடிவிட்டது என்றே நினைத்தேன்.

சின்னையா தன் தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கை நீட்டவில்லை.

"என் ஆட்டம் முடியல தம்பி. சிமே தொறக்கட்டும். அன்னிக்கு நானே வந்து லாமே குடுக்கறேன். மரியாதையாவே சொல்லுங்க. ஆனா சொல்லுங்க."

வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சின்னையா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மேனேஜரின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு, திங்கள்

இந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது கஷ்டமாக இருந்தது. செய்தி பரவி, பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கத்திவிட்டுப் போனார்கள். எனக்குக் கிரியோல் புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. அவர்களுடைய கரும்பும்தானே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சின்னையாவின் மனைவி வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்திவிட்டு, என்னிடம் அவருக்குக் கேட்கும்படி பேசினார்.

"தொரையே எறங்கி வந்து கை நீட்டறாரு. இவரு பெரிய ராசா, நீட்ட மாட்டாராம். என்னத்தச் சொல்ல, தம்பி?"

சின்னையா வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் திங்கள் இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை

பத்து மணிக்கு எஸ்டேட் தச்சர் இரண்டு ஆட்களோடு வந்து, பள்ளத்துக்கு நேரே நாலு கம்பத்தைப் பிடுங்கினார். கம்பியை வெட்டி, ஒரு மரப் படலைக் கட்டினார். பூட்டு இல்லை. சனிக்கிழமை பிற்பகல் தவிர எந்நேரமும் வண்டி போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே அங்கே கூடியிருந்தது. நேற்றுவரை திட்டியவர்கள் சின்னையாவின் முதுகில் தட்டினார்கள். அவர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துத் தூங்கினார்.

வியாழக்கிழமை, புறப்பாடு

முதல் வெட்டு. கரும்பு வண்டியின் மேலேயே என் மூட்டையும் நானும் ஏறிக்கொண்டோம். ஆலை வரை வண்டி, அங்கிருந்து நடந்து பாம்ப்ளமூஸ் ஸ்டேஷன், பிறகு துறைமுகம் என்று திட்டம். மாடுகள் பழைய தடத்தை மறக்கவில்லை. ஓட்ட வேண்டிய வேலையே இல்லை. ஆலை வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். சின்னையா வண்டியை நிறுத்தி இறங்கினார். தொப்பியைக் கழற்றி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அவரே முதலில் நீட்டினார். மேனேஜரும் தொப்பியைக் கழற்றினார். கை கொடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்க நான் தயாராக நின்றேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

கப்பலில் இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ஊர் நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு தெருவில் சில சாதி ஜனங்கள் நடக்கக் கூடாது என்று நெடுங்காலமாக அடைத்து வைத்திருக்கிறார்கள். போன தை மாதம் கலெக்டர் முன்னிலையில் சமாதானக் கூட்டம் நடந்தது. தெருவை அடைத்த எங்கள் தரப்பின் பெரியவர் எழுந்துபோய்க் கை நீட்டினார். அந்த ஜனங்களின் பெரியவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

தெரு இன்னும் திறக்கவில்லை.