இருபதிலேயே நின்ற கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தை மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருடைய கண்ணாடிக்கூடு மேசை டிராயரிலேயே கிடந்தது. தொட எனக்குத் தைரியமில்லை. மரியாதைக்காக விட்டுவைத்திருப்பதாக வெளியே சொல்லிக்கொண்டேன்.

தொழிலாளர் வருகைப் பதிவுக்குப் புது புரோகிராம் வந்தது. அதற்கு ஒரே நேரத்தில் நாற்பது ஃபைல் திறக்க வேண்டும். மிஷின் தொடங்கும்போது படிக்கிற ஃபைலில் முன்னவர் இருபது என்று எழுதி வைத்திருந்தார். நான் நாற்பது என்று மாற்றி, மிஷினை அணைத்துப் போட்டேன். இருபதோடு நின்றது. மாற்றிய இடத்தைப் பார்த்தால் நாற்பது என்றுதான் இருக்கிறது. மறுபடி அணைத்துப் போட்டேன். இருபது. ஒவ்வொரு முறையும் உள்ளே ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. அவரும் பேசுமுன் அப்படித்தான் செருமுவாராம்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “நாலு மணிக்குள்ள லிஸ்ட் வரலேன்னா, நீ பழையபடி நூல் மூட்டைக்கு எடை போடப் போயிரு.”

மணி இரண்டரை. அந்த வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது. எழுந்து நின்று, காலி நாற்காலியிடம், “சார், நாப்பதுன்னா என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டேன். வாசலில் நின்ற எலக்ட்ரீசியன் காதில் விழுந்துவிட்டது.

“யார்ட்ட மாப்ள பேசுற?”

“முன்னால இருந்தவருதாண்ணே. மாத்த விடமாட்டேங்கிறாரு.”

“இம்புட்டுப் பயந்தாங்கொள்ளியா நீ? சத்தம் எங்குட்டு இருந்து வருது?”

காதை வைத்துக் கேட்டோம். ஃபிளாப்பி போடுகிற வாயிலிருந்து. போன ஆயுத பூஜைக்கு முன்னவர் பூசிய சந்தனமும் குங்குமமும் அதன் மேல் காய்ந்து அப்பியிருந்தன. அடுத்த பூஜை வரை பொட்டை அழிக்கக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. அதனால் யாரும் அதைத் திறந்ததே இல்லை.

எலக்ட்ரீசியன் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்ளே, பூஜைக்கு வைத்த ஃபிளாப்பி. மேலே முன்னவரின் கையெழுத்து. மிஷின் ஒவ்வொரு முறையும் முதலில் அதைப் படித்து, அவர் எழுதிய இருபதை எடுத்துக்கொண்டிருக்கிறது. மிஷினுக்குள் இருக்கிற, நான் திருத்திய ஃபைலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபிளாப்பியை எடுத்துவிட்டு மிஷினைப் போட்டேன். செருமல் பாதியிலேயே அறுந்தது. நாற்பதும் திறந்தது. மூன்றே முக்காலுக்கு லிஸ்ட் மேனேஜர் மேசையில் இருந்தது.

“பேய் போயிருச்சா மாப்ள?”

“போயிருச்சுண்ணே.”

ஃபிளாப்பியை அழிக்க மனம் வரவில்லை. கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு, யாரும் பார்க்காதபோது டிராயரைத் திறந்து அதற்கும் ஒன்று வைத்தேன். மூடும்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நான்தான் என்று நினைக்கிறேன்.