ஓரின் பெல்க்கியின் காதுகள்

தொப்பியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்துவிட்டு, காதை மறைக்கும் நரைமுடியை எச்சில் விரலால் பின்னுக்குத் தள்ளுகிறார் ஓரின் பெல்க்கி. முட்டையும் காப்பியும் வருவதற்குள் இந்த அலங்காரம் முடிந்தாக வேண்டும். பிறகு சுவரில் தொங்கும் படத்துக்கு நேர் கீழே, கதவைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவார். உணவகத்துக்குள் நுழைகிறவர்கள் படத்தையும் அவரையும் ஒரே பார்வையில் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

படம், இந்த ஊரில் இருந்த ஓவியர் ஒருவர் ஊர்க்காரர்களை வைத்து வரைந்த பழைய வாரப் பத்திரிகை அட்டை. கோடைத் திருவிழா. ஒரு பையன் தர்பூசணித் துண்டுக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறான். தெரிவது இரண்டு காதுகள் மட்டும், திறந்துவிட்ட கார்க்கதவுகள் மாதிரி. பக்கத்தில் ஒரு சிறுமி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பிஸ்கட் டின்னிலும் பல் மருத்துவர் தரும் காலண்டரிலும் இதைப் பார்த்துப் பார்த்து, தன் சின்ன வயதும் இப்படித்தான் கழிந்தது என்று அமெரிக்காவில் பாதிப்பேர் நம்புகிறார்கள்.

வெர்மான்ட்டின் இந்த மலையூரில் தர்பூசணி விளையாது. போட்டியும் நடந்ததில்லை. ஓவியர் மனத்தில் நடந்தது அது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் "போட்டி எப்போது?" என்று கேட்டதில் ஊரே வெட்கப்பட்டுப்போய் ஒன்றைத் தொடங்கிவிட்டது. இப்போது ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஜார்ஜியாவிலிருந்து பழலாரி வருகிறது. பதாகையில் "நம் பாரம்பரியம்" என்று போடுகிறார்கள்.

"அது என் காதுதான்" என்பார் ஓரின், யாரும் கேட்பதற்கு முன்பே. "வேணும்னா தொட்டுப் பாருங்க."

"சாப்பிட வந்தவங்கள அதுல கை வைக்கச் சொல்லாதீங்க, பெரியவரே" என்பாள் பரிமாறும் விவியன். "அந்தக் கையோடதான் ரொட்டி எடுப்பாங்க."

ஓய்வு பெறும்வரை அவர் வீட்டுக் கொதிகலன்களைப் பழுது பார்த்தார். இரும்பில் காதை ஒட்டிவைத்தே கோளாறைச் சொல்வார். "ஊருக்கே தெரிஞ்ச காதுங்க. பொய் சொல்லாது." பாதி வீடுகளில் தப்பாகத்தான் சொன்னார். பனிக்காலத்தில் தலை நனைந்தாலும் காதுக்கு மட்டும் கம்பளி உறை உண்டு.

மகள் நோரீன் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். பள்ளியில் கோணமானி வாங்கிக்கொடுத்த அன்றே படத்துக் காதையும் அப்பாவின் காதையும் அளந்தாள். அப்பாவுடையது தலையோடு ஒட்டிக் கிடந்தது. அம்மா லோர்னா கோணமானியைப் பிடுங்கி இழுப்பறையில் போட்டாள். "அது உங்கப்பா காதுதான். போய்ப் படி." அந்தப் படத்தில் சிரிக்கும் சிறுமி லோர்னா. பேச்சு அதோடு முடிந்தது.

இந்த வருடம் பனி உருகும்போது லோர்னா இறந்துபோனாள். அதற்குப் பிறகு நோரீன் சனிக்கிழமைதோறும் வந்து அப்பாவோடு முட்டை சாப்பிடுகிறாள். அம்மாவைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. பாலம், மழை, காது.

திருவிழா மேடையில் இம்முறை நடுநாற்காலியில், படத்துப் பையன் என்று ஓரினை உட்காரவைப்பதாக முடிவாகியிருந்தது. போன சனிக்கிழமை மெர்ல் குட்னோ உள்ளே வந்தார். ஓரினோடு படித்தவர், ஃப்ளோரிடாவில் குடியேறியவர். வந்தவர் குல்லாயைக் கழற்றினார். அவ்வளவுதான். உணவகம் மொத்தமும் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"கடவுளே" என்றாள் விவியன். "கதவு ரெண்டும் திறந்தே இருக்கு."

"இறங்குடா என் நாற்காலிய விட்டு" என்றார் மெர்ல். "உன் காது, தபால்தலை ஒட்டுன மாதிரி ஒட்டிக் கெடக்கு. படம் வரைஞ்ச அந்தாளு என்னைக் கூப்பிட்டு, தர்பூசணிக்குப் பின்னால ஒரு மணி நேரம் மூச்சு முட்ட உட்கார வச்சாரு. இத்தன வருசம் என் காதுல நீ பொழப்பு நடத்தியிருக்க!"

ஓரின் தொப்பியை எடுத்துக் காது மறையப் போட்டுக்கொண்டார்.

நோரீன் முட்கரண்டியைக் கீழே வைத்தாள். காது போனால் போகட்டும். அம்மா அந்தப் படத்தில் அப்பாவைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்பது அந்த வீட்டின் அஸ்திவாரம்.

"அப்ப எங்கம்மா சிரிச்சது உங்களப் பாத்தா?" என்று மெர்லைக் கேட்டாள்.

"என்னையா? நான் அவள அன்னைக்குக் கண்ணாலயே பாக்கல. அந்தாளு ஒவ்வொருத்தரையும் தனித்தனியாத்தான் போட்டோ எடுப்பாரு. ஒருத்தன் காது, ஒருத்தன் கை, பக்கத்து வீட்டு நாய். அப்புறம் எல்லாத்தையும் சேத்து வரைவாரு. அவளுக்கு அடுத்த நாள்தான் என் முறை. அவ எதுக்குச் சிரிச்சான்னு இவனத்தான் கேளு. கேமராவுக்குப் பக்கத்துல நின்னவன் இவன்தான்னு அந்தாளே சொன்னாரு."

"அப்பா?"

"அந்தப் பொண்ணு சிரிக்கவே மாட்டேன்னுச்சு" என்றார் ஓரின் மெதுவாக. "உம்முனு நின்னா. 'டேய், நீ ஏதாவது பண்ணு'ன்னாரு அவர். பண்ணேன்."

"அதச் சொல்லியிருக்கலாமே. எதுக்குக் காது?"

"படத்துல நான் எங்க இருக்கேன்னு கேப்பாங்களே. படத்துக்கு வெளியன்னா யாரும்மா நம்புவா?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பாத்ததே அவதான."

மெர்ல் நாற்காலி வேண்டும் என்பதை மறந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். விவியன் காப்பிக் கூஜாவோடு நின்றாள்.

"என்ன பண்ணீங்கப்பா?" என்றாள் நோரீன்.

"அப்ப எனக்கு ஏழு வயசு. முன்பல்லு நாலும் விழுந்திருந்துச்சு. பல்லு இருந்தா அந்த மூஞ்சி வராது."

ஓரின் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றினார். காகிதத் துவாலையில் ஒருமுறை துடைத்து, மகளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார்.