ஏசியில் சொட்டிய பீரும் ஒரு கல்யாண விசாரணையும்

ஏசி மெக்கானிக்கை எந்த வீட்டுக்காரரும் மனுஷனா நினைக்கிறதில்ல. ஏணியோட வந்த இன்னொரு மெஷின்னு நினைச்சு, ஊருக்கெல்லாம் மறைக்கிற சமாச்சாரத்தை நம்ம கண்ணு முன்னாடியே பரப்பி வைப்பாரு. கல்ஃப் வெயில்ல ஏணி தூக்கின சகோதரர்களே, உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஆனா எனக்கு நடந்த மாதிரி நடந்திருக்காது.

துபாய்ல எங்க திரும்பினாலும் கிரேன் நின்ன காலம் அது. நான் ஷார்ஜா தொழில்பேட்டையில ஒரு கேம்ப்ல இருந்தேன். ஊருல எனக்குப் பொண்ணு பார்த்து, பேச்சு முக்கால்வாசி முடிஞ்சிருந்துச்சு. போட்டோவைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு சோறு இறங்கல, அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. பொண்ணோட அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: பையன் அங்க குடிப்பானோ? எங்க போர்மேன் காதர் பாய் கீழக்கரைக்காரர், ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவர், விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டாரு. அவர் வாயால கேட்டுட்டுத்தான் தட்டு மாத்துவோம்னு நம்பரை வாங்கி வச்சுக்கிட்டாங்க. நான் பீர் பாட்டிலைக் கையால தொட்டதுகூட இல்ல. அதனால பயமில்லாம இருந்தேன்.

போர்வை போத்தின டிரம்

மனோகர் சார் கோயம்புத்தூர்க்காரர், கட்டட கம்பெனியில இன்ஜினியர், ஷார்ஜாவுலயே ஒரு மாடி வீட்டுல குடியிருந்தாரு. சம்சாரமும் பிள்ளையும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தாங்க. பெட்ரூம் ஏசி சரியா கூல் ஆகலைன்னு கூப்பிட்டாரு. போனா, மனுஷன் ஹால்ல வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருக்காரு. பெட்ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல, குழந்தை போர்வையைச் சுத்திக்கிட்டு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டிரம் உக்காந்திருக்கு! மூடி மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். அதுல 'பொளக், பொளக்'னு சத்தம். புளிச்ச மாவும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி ஒரு வாடை.

"என்ன சார் இது?"ன்னேன். பால்பவுடர் டின் சைஸ்ல ஒரு காலி டின்னை எடுத்துக் காட்டினாரு. லண்டன் பக்கம் ஏதோ ஒரு சின்ன பீர் கம்பெனியாம். தன்னோட சொந்தப் பக்குவத்தையே பாகு காய்ச்சி, டின்ல அடைச்சு, ஈஸ்ட் பாக்கெட்டோட விக்கிறாங்களாம். வீட்டுல தண்ணி ஊத்திக் கலக்கி, இருபது டிகிரியில வச்சா அதே பீர் வந்துருமாம். ஆபீஸ் வேலையா போனவரு பெட்டியில வச்சு கொண்டாந்துட்டாரு. ஷார்ஜாவுல ஒரு பாட்டில் வச்சிருந்தாலே உள்ள போகணும். இவரு டிரம் டிரம்மா காய்ச்சுறாரே! "போலீஸ் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். அவரு டிரம்மைத் தட்டிக் கொடுத்துட்டுச் சொன்னாரு: "பயப்படாதப்பா, இன்னும் பீர் ஆகல. இப்போதைக்கு இது வெறும் கஞ்சிதான்."

லீக்கை அடைச்ச கதை

மறுநாள் ஏசியில பழுதான கெப்பாசிட்டரை மாத்தப் போனப்ப அவரு ஆபீஸ்ல இருந்தாரு. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டாரு. மாடிப்படி ஏறி வரும்போதே வாடை மூக்குல ஏறிருச்சு. வாட்ச்மேனுக்கு ஜலதோஷம், தப்பிச்சேன். இந்த வாடை பக்கத்து வீட்டுக்குப் போனா, போலீஸ் வரும். போலீஸ் வந்தா, கடைசியா இந்த வீட்டுக்கு வந்து போனவன் நான். அப்புறம் எங்க தட்டு மாத்துறது? எங்க தொழில்ல உஸ்ஸுன்னு எங்க சத்தம் கேட்டாலும் முதல்ல அடைக்கணும். அந்தக் குழாயைச் சுத்தி இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுத்தினேன். மூடி ஓரத்துக்கும் ஒரு சுத்து, மேல போர்வையை இழுத்து மூடியாச்சு. சத்தம் நின்னுச்சு, வாடையும் நின்னுச்சு. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு நிம்மதியா வந்துட்டேன்.

ஐயா, அது உயிருள்ள சரக்குன்னு எனக்கு யாரு சொன்னா! காத்து போக வழி இல்லாம உப்பி, உப்பி, மறுநாள் சாயங்காலம் வெடிச்சிருக்கு. மூடி போய் சீலிங்ல அடிச்சு, நுரையெல்லாம் சுவத்துல, கட்டில்ல, ஏசிக்குள்ள. கேம்ப்ல சோறு வடிச்சுக்கிட்டு இருந்தப்ப போன் வந்துச்சு. மனோகர் சார்தான்: "முருகேசா... ஏசியில இருந்து பீர் சொட்டுதுப்பா."

செல்வத்தோட துக்கம்

என் ரூம்மேட் செல்வம் வெல்டர். லீவு நாள்ல எங்கயாவது ஒரு வாய் கிடைக்குமான்னு ஏங்குற ஜாதி. போன் பேச்சை ஒட்டுக்கேட்டுட்டு, விடாம நச்சரிச்சு விஷயத்தைக் கறந்துட்டான். எனக்கு என்ன ஆகுமோன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு பார்த்தேன். நெஞ்சுல கை வச்சுக்கிட்டு கட்டில்ல சாஞ்சுட்டான்: "அடப்பாவி, அவ்வளவு பீரையும் சுவத்துக்கா ஊத்திக் குடுத்த?"

வெள்ளைக் கார்

விடிஞ்சதும் ஓடினேன். நேத்து வரைக்கும் அமைதியா இருந்த மனோகர் சார், துடைப்பமும் கையுமா சுவத்தை முறைச்சுக்கிட்டு நின்னாரு. டேப் சுத்தினது நான்தான்னு சொன்னேன். அவரு திட்டல, தலையில மட்டும் அடிச்சுக்கிட்டாரு. ஏணியில ஏறி ஏசி கவரைக் கழட்டினேன் பாருங்க, கீழ்த் தட்டுல தேங்கியிருந்தது மொத்தமும் என் தலை வழியா இறங்குச்சு. சட்டை, பனியன், பேண்ட், ஒண்ணு பாக்கி இல்ல. கண்ணுல எரிச்சல் வேற. அப்படியே நின்னு கெமிக்கல் அடிச்சு, தண்ணி பீச்சிக் கழுவினேன்.

கழுவின தண்ணி வெளியில பைப் வழியா போகுமே, அது எங்க விழுதுன்னு நான் யோசிக்கல. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, கீழ ஒரு வெள்ளைக் கார் மேல நுரை நுரையா கொட்டுது. பக்கத்துல யூனிபார்மோட ஒரு போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாரு! மனோகர் சார் பாத்ரூம்ல புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. போலீஸ்காரர் விரலால நுரையைத் தொட்டாரு, மோந்து பார்த்தாரு, கெமிக்கல் நெடியில தும்மினாரு. அப்புறம் இந்தியில கத்தினாரு: "பாய், அச்சா சோப்பு! நாளைக்கு வந்து என் வீட்டு ஏசியையும் இதே மாதிரி கழுவிக் குடு."

வேன்ல வந்த போன்

தப்பிச்சோம்டா சாமின்னு கீழ இறங்கினா, கேம்ப்ல விசாரிச்சுட்டு என்னை அடுத்த வேலைக்கு ஏத்திட்டுப் போக வேனோட காதர் பாய் நிக்கிறாரு! ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. கதவைத் திறந்ததும் அவரு மூக்கு சுருங்குச்சு. பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து சீட்ல விரிச்சாரு. "பாய், வேலை செய்யுற இடத்துல மேல கொட்டிடுச்சு. சத்தியமா நான் குடிக்கல"ன்னேன். என்ன கொட்டுச்சுன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல.

ரவுண்டானா தாண்டியிருப்போம். அவரு போன் அடிச்சுச்சு. வேனை ஓரங்கட்டி எடுத்தாரு. அந்தப் பக்கம் பேசுற குரல் எனக்கே கேக்குது: "பாய், நான் முருகேசனுக்குப் பொண்ணு குடுக்கப் போறவன் பேசுறேன். பையன் குடிப்பானா? மறைக்காம சொல்லுங்க, ஒரு பொண்ணோட வாழ்க்கை." என் முடியிலேர்ந்து இன்னும் சொட்டிக்கிட்டு இருக்கு. போச்சு, எல்லாம் போச்சு, அழுகையே வந்துருச்சு. காதர் பாய் போனை உள்ளங்கையால பொத்திக்கிட்டு, என் முகத்துக்கு நேரா குனிஞ்சாரு. "ஊது"ன்னாரு. ஊதினேன். "இன்னொரு தரம்." ஊதினேன். போனைக் காதுல வச்சு நிதானமா சொன்னாரு, "இவன் வாயில ஒரு சொட்டு பட்டதில்லைங்க. தைரியமா குடுங்க." கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்காகவா பாய்?"ன்னேன். கையை உதறிட்டு வேனை எடுத்தாரு: "நான் பொய் சொல்லல தம்பி. அவரு உன் வாயைப் பத்திக் கேட்டாரு, சட்டையைப் பத்திக் கேக்கல."

ஒரு சொட்டு பீர்கூடக் குடிக்காம, பீர்ல தலை முழுகிட்டு, குடிக்காத மாப்பிள்ளைன்னு பேரெடுத்துத் தாலி கட்டினவன் இந்த கல்ஃப்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.