பிணவேடக்காரனும் அவன் மனைவியும்

குணச்சித்திர நடிப்பு என்பது, கதாநாயகனுக்குக் கோபம் வருவதற்காக நாம் சாகும் தொழிலாகும்.

பிழைப்புக்காகப் பிறர்முன் நாள்தோறும் நடிக்க நேர்ந்த வாசகப் பெருமக்கள் என் துயரை எளிதில் உணர்வர். நாடக மேடையில் அரசனாய் முழங்கிய என்னைத் திரைத்துறையினர் படுக்கவைத்தே பழக்கிவிட்டனர். தாலி கட்டியவனைப் பிணமாய்ப் பார்க்கலாகாது என்று என் மனைவி அஞ்சலை எந்தப் படத்துக்கும் வர மறுத்தாள். ஒருமுறையேனும் அவள் என்னைத் திரையில் காண வேண்டும். எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான்.

மேடையில் இறந்தது

நைனார்பாளையத்தில் நான் அரசனாய் மாண்டு விழுந்தபோது படுதா இறங்காமல் சிக்கிக்கொண்டது. எறும்பு கடித்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கூட்டம் கலைய முற்படுகையில் முன்வரிசை விவசாயி ஒருவர் கையமர்த்தினார்.

"குந்துங்கய்யா. ராஜா தொடைய சொறிஞ்சிக்கினு இருக்காரு, இன்னும் சாவல."

சாலையில் இறந்தது

திருநாவலூர் அருகே படப்பிடிப்பு. நான் பாடையில் கிடந்தேன். களையெடுத்துத் திரும்பிய பெண்கள் உண்மைச் சாவென்று எண்ணி ஒப்பாரி வைக்க, இயக்குநர் மகிழ்ந்து காமிராவை ஓடவிட்டார். அழுதவர்களில் மூத்தவள் என் மார்பை உற்று நோக்கினாள்.

"நாங்க மாரடிச்சிக்கினு அழுவுறோம், நீ இன்னாய்யா மூச்சு வுட்டுக்கினு கெடக்கற?"

செய்தி எனக்கு முன்பே வீட்டை அடைந்திருந்தது. அஞ்சலை வாசலில் ஒரு குடம் தண்ணீருடன் நின்றாள்.

"சாவறதுதான் வேலைன்னா, வூட்டுக்கு வரச்சொல்ல தலைக்கு ஊத்திக்கினு உள்ள வாங்க."

மலைமேல் ஒரு வசனம்

கல்வராயன் மலையில் எடுத்த படத்தில் நான் தேநீர்க்கடைக்காரன். வழக்கம்போல் கொலையுண்ண வேண்டியவன்தான். அஞ்சலையின் பிடிவாதத்தை இயக்குநரிடம் எடுத்துரைத்தேன். இளகிய மனத்தர், சாகுமுன் ஒரு வசனம் தந்தார். கதாநாயகனிடம் "பஸ் போயிடுச்சி தம்பி" என்று கூற வேண்டும். மேடைப் பயிற்சி வீண்போகாவண்ணம் கூறினேன். எதிர்மலை எதிரொலித்தது. ஆடுகள் சிதறின.

"ஐயா, தம்பிகிட்ட மட்டும் சொல்லுங்க. பஸ்ஸுக்குக் கேட்டா திரும்பி வந்துடும்" என்றார் இயக்குநர்.

கள்ளக்குறிச்சித் திரையரங்கில்

அந்த வசனத்தை நம்பியே அஞ்சலையை அழைத்துச் சென்றேன். அதை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. திரையில் நான் தோன்றியதே பாடையில்தான். அஞ்சலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். படம் முடியும்வரை எடுக்கவில்லை. அருகில் நான் உண்மையாகவே பிணம்போல் அமர்ந்திருந்தேன்.

பிணமாய் நடித்தவர், தோஷம் நீங்க, எழுந்து காமிராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் வழக்கம். அந்தத் துண்டை இறுதியில் பெயர்கள் ஓடும்போது ஒட்டியிருந்தார்கள். வாய்க்கரிசியைத் துப்பிவிட்டு நான் எழுந்து பல் தெரியச் சிரிக்க, அரங்கமே சிரித்தது. அவள் முந்தானையைப் பற்றி இழுத்தேன். பார்த்தாள். தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எழுந்ததுதான் எழுந்தீங்க, மூக்குல இருக்கற பஞ்ச எடுத்துட்டு சிரிக்கக் கூடாதா?"

ஆயுளெல்லாம் நடித்தும் வராத பெயர், நடிப்பு முடிந்து எழுந்த ஒரு நொடியில் வந்தது என்பதே என் கலைவாழ்வின் சுருக்கம்.